சென்னைக்குக் குடிபெயர்கிறோம்: முதலில் வீட்டைப் பார்ப்பதா, பள்ளியைப் பார்ப்பதா?

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறார். ஜூன் முதல் வாரத்தில் சென்னை சிறுசேரி சிப்காட்டில் உள்ள அலுவலகத்தில் அவர் சேர வேண்டும். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து மாநகராட்சி மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, நல்ல மதிப்பெண்களுடன் எட்டாம் வகுப்பை முடித்திருக்கிறாள். மகன் ஒரு மெட்ரிக் பள்ளியில் யு.கே.ஜி. முடித்திருக்கிறான். மார்ச் மாதத்தில்தான் அவனுக்கு ஐந்து வயது நிறைந்தது. மூட்டுவலியால் மாடி ஏற முடியாத மாமியாரும் உடன் வருகிறார். முடிச்சூரில் வசிக்கும் நாத்தனார், தம் வீட்டின் தரைத்தளத்தைக் குறைந்த வாடகைக்குத் தருவதாகச் சொல்கிறார். தாம்பரம் பக்கம் உள்ள ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் மகளை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்றும், 'கட்டட நிதி' என்று ஒன்றரை லட்சம் ரூபாய் ரசீது இல்லாமல் கட்ட வேண்டும் என்றும் கூறியிருக்கிறார்கள். மருத்துவம் படிக்க ஆசைப்படும் பெண்ணுக்கு சி.பி.எஸ்.இ.தான் வழி என்று நம்பி, நகையை அடகு வைக்கவும் குடும்பம் ஆயத்தமாகிவிட்டது. பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருந்தால் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் மகனுக்கு இடம் கிடைத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் கடைசிப் பருவக் கட்டணம் பாக்கி இருப்பதால் அவனுடைய பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தர மறுக்கிறது. 'பிள்ளைகளுக்கு நல்ல பள்ளியும் குடும்பத்துக்கு நல்ல இடமும் அமைய நாங்கள் எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்?' என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டைப் பற்றி இரண்டு பக்கமும் நன்கொடையைப் பற்றி ஒரு பக்கமும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு வழக்கறிஞராக என் கண்ணில் முதலில் பட்டது, 'இதுவரை மாநகராட்சிப் பள்ளியிலேயே ஓட்டிவிட்டோம், இனியாவது நல்ல பள்ளியில் சேர்க்கலாம் என்று பார்க்கிறோம்' என்று போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒற்றை வரிதான். அந்தப் பள்ளியில் உங்கள் மகள் கழித்த மூன்று ஆண்டுகளுக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பு இருக்கிறது. அது என்னவென்று தெரியாமலேயே அதைக் கைவிடப் பார்க்கிறீர்கள். ஆகவே மகளின் பள்ளியிலிருந்து தொடங்குகிறேன், வீடு அதற்குப் பின்னால் வரட்டும்.

மகள்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை

அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, நீட் தேர்வில் தகுதி பெறும் மாணவர்களுக்கு, இளநிலை மருத்துவப் படிப்புகளில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 விழுக்காட்டைத் தனியாக ஒதுக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2020ஆம் ஆண்டில் இயற்றியது. 2021ஆம் ஆண்டில் இதே ஒதுக்கீடு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாநகராட்சிப் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு என்று நீங்கள் நினைப்பதாகத் தெரிகிறது. இந்தச் சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒன்றே. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எல்லாம் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளிகள் அடங்கா. பெயர்பெற்ற பழைய உதவிபெறும் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் பிற்பாடு வந்து கேட்கும் பெற்றோர் பலர்.

இதில் முக்கியமானது தொடர்ச்சி. ஒன்பதாம் வகுப்பை மட்டும் தனியார் பள்ளியில் படித்துவிட்டுப் பத்தாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குத் திரும்பினாலும் அந்த உரிமை மீண்டு வராது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்வியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் இதே தொடர்ச்சியைத்தான் கேட்கிறது. 2024-25 முதல் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அதோடு, உங்கள் மகள் முதல் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவள் என்றால், தமிழ் வழியில் பயின்றோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு அளிக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனும் அவளுக்காகக் காத்திருக்கிறது. சி.பி.எஸ்.இ.க்கு மாறினால் அதுவும் போகும்.

மருத்துவத்துக்கு சி.பி.எஸ்.இ.தான் வழி என்ற நம்பிக்கையிலும் பாதிதான் உண்மை. நீட் தேர்வின் பாடத்திட்டம் பெரும்பாலும், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பயன்படும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை ஒட்டியது என்பது மெய்யே. ஆனால் அந்தப் புத்தகங்களை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், இணையத்தில் இலவசமாகவும் எடுத்துக்கொள்ளலாம். அவற்றைப் படிப்பதற்காக ஒரு பள்ளியின் முதலாளிக்கு ஒன்றரை லட்சம் கொடுக்க வேண்டியதில்லை. மேலும், இதுவரை தமிழில் அறிவியலும் கணக்கும் படித்த பெண், ஒன்பதாம் வகுப்பில் புதிய ஊர், புதிய பாடத்திட்டம், ஆங்கில வழி என மூன்று மாற்றங்களையும் ஒரே ஜூன் மாதத்தில் சுமக்க வேண்டியிருக்கும். இன்று வகுப்பில் முன்னணியில் நிற்கும் பிள்ளையை ஓர் ஆண்டாவது பின்வரிசைக்குத் தள்ளும் வேலை அது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 7.5 விழுக்காடு என்பது ஒரு வாய்ப்பு, அவ்வளவே. நீட்டில் தகுதி பெறவில்லை என்றால் அதனால் மருத்துவ இடம் வந்துவிடாது. எல்லா அரசுப் பள்ளிகளும் ஒரே தரத்தில் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆகவே பெயரை மட்டும் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்காமல், நேரில் போய்த் தலைமை ஆசிரியரிடம் இவற்றைக் கேளுங்கள். பதினோராம் வகுப்பில் உயிரியல் பிரிவு இருக்கிறதா? தமிழ் வழியில் அந்தப் பிரிவு நடக்கிறதா? இயற்பியல், வேதியியல் ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்பட்டிருக்கின்றனவா? பெண் பிள்ளைகளின் கழிவறையில் தண்ணீர் வருகிறதா? கடைசிக் கேள்விக்கு மட்டும் பதிலைக் காதால் கேட்டுக்கொண்டு திரும்பிவிடாமல், அனுமதி பெற்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் நீண்ட கடிதத்தில் மகளின் விருப்பம் என்னவென்று ஒரு வரிகூட இல்லை. மருத்துவ ஆசை அவளுடையதுதானா, ஊரை விட்டு வருவது பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அவள் அறவே வரமாட்டேன் என்றால், பத்தாம் வகுப்பு முடியும் வரை கணவர் மட்டும் சென்னையில் தங்குவதும் யோசிக்கத்தக்க வழிதான். செய்யக் கூடாதது ஒன்றுண்டு. இந்த ஆண்டைத் தள்ளிப்போட்டுவிட்டு, பொதுத் தேர்வு எழுதும் பத்தாம் வகுப்பின் நடுவில் அவளைப் பள்ளி மாற்றாதீர்கள். மாறுவதென்றால் இந்த ஜூன், இல்லையென்றால் பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு.

நன்கொடையும் நுழைவுத் தேர்வும்

'சென்னையில் நன்கொடை இல்லாமல் எந்தப் பள்ளியிலும் இடம் கிடைக்காது' என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சேர்க்கைக்காக நன்கொடை வாங்கக் கூடாது என்று சி.பி.எஸ்.இ. வாரியத்தின் இணைப்பு விதிகளே தடை செய்கின்றன. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளின் கட்டணத்தை முறைப்படுத்த 2009ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையிலான குழு கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அரசு, உதவிபெறும் பள்ளிகளைப் பொறுத்தவரை நன்கொடை என்ற பேச்சுக்கே இடமில்லை.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 இதைவிடக் கடுமையானது. அதன் 13ஆம் பிரிவின்படி, நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். சேர்க்கைக்குப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அதன் பின் ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையும் விதிக்கலாம். ஆனால் நீங்கள் தவறாக நம்பிக்கை வைத்துவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன்: அந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரையிலான தொடக்கக் கல்விக்கானது. ஒன்பதாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு வைப்பதை அதைக் காட்டித் தடுக்க முடியாது. மகனின் முதல் வகுப்புச் சேர்க்கைக்கு அவனை உட்கார வைத்துக் கேள்வி கேட்டால், அப்போது அந்தப் பிரிவை நினைவூட்டலாம்.

ரசீது இல்லாமல் கொடுக்கும் பணத்தைப் பற்றி என் அனுபவத்தில் சொல்வது இதுதான்: கொடுத்ததற்குச் சான்றில்லாத பணத்தை எந்த மன்றத்திலும் திரும்பக் கேட்க முடியாது. மூன்று மாதத்தில் மகளுக்கு அந்தப் பள்ளி ஒத்துவராமல் நீங்கள் வெளியேறினால், அடகில் இருக்கும் நகைக்கு வட்டி கட்டுவது ஒன்றுதான் மிஞ்சும். கேட்பவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். 'தொகையைக் காசோலையாகத் தருகிறோம், பள்ளியின் பெயரில் ரசீது தாருங்கள்' என்று மட்டும் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

மகன்: ஒரு கிலோமீட்டர் கணக்கு

தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவை, பள்ளிக்கு அருகில் குடிபோனால் தானாகக் கிடைக்கும் உரிமையாக நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்பது அதில் ஒரு நிபந்தனை மட்டுமே. அந்த இடங்கள் ஒரு பள்ளியின் நுழைவு வகுப்பில்தான் நிரப்பப்படுகின்றன. எல்.கே.ஜி. உள்ள பள்ளிக்கு நுழைவு வகுப்பு எல்.கே.ஜி.தான். உங்கள் மகன் யு.கே.ஜி. முடித்துவிட்டதால், முதல் வகுப்பிலிருந்து தொடங்கும் பள்ளியில் மட்டுமே அந்த வாய்ப்பு உண்டு, சென்னையில் அப்படிப்பட்ட தனியார் பள்ளிகள் அரிது. நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிக்க ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் சம்பளம் அதைத் தாண்டுகிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே இதை நம்பி வீடு பிடிக்க வேண்டாம்.

கேந்திரிய வித்யாலயாவையும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே முதல் வகுப்புக்கு மார்ச் 31 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதாலும், மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கே முன்னுரிமை என்பதாலும், இந்த ஆண்டு அந்த வழி அடைபட்டது. மாநிலப் பாடத்திட்டத்தில் ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறைந்தால் போதும். உங்கள் மகனுக்கு அது நிறைந்துவிட்டது.

சிறுவனுக்காக இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை என்பது என் எண்ணம். முதல் ஐந்து வகுப்புகளுக்கு நல்ல பள்ளி என்றால், வீட்டுக்கு நடந்துபோகும் தொலைவில் உள்ள, பிள்ளை அழாமல் போகிற பள்ளிதான். அருகில் அரசுத் தொடக்கப் பள்ளி இருந்தால் அதையும் போய்ப் பாருங்கள். 2023ஆம் ஆண்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவும் வழங்கப்படுகிறது. அக்காவுக்குச் சொன்ன அதே கணக்கை இவனுக்கு ஆறாம் வகுப்பில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன.

மாற்றுச் சான்றிதழைக் கட்டணப் பாக்கிக்காகப் பிடித்துவைக்கப் பழைய பள்ளிக்கு உரிமையில்லை. அது கட்டணம் வசூலிக்கும் கருவியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகக் கூறியது. சான்றிதழில் பாக்கியைக் குறிப்பிடுவதையும் அந்தத் தீர்ப்பு ஏற்கவில்லை. ஆனாலும் பாக்கி பாக்கிதான், அதை வசூலிக்கச் சட்டப்படியான வழிகள் பள்ளிக்கு உண்டு. நகையை அடகு வைக்கத் தேவையில்லை என்றான பிறகு, கையிலிருப்பதில் அதைத் தவணையாகக் கட்டி ரசீது வாங்கிவிடுவது மனத்துக்கும் நல்லது. சான்றிதழுக்கான விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கூடவே, மாணவர் விவரங்களைப் பதிவு செய்யும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையத்தளத்தில் மகனின் பதிவைக் 'காமன் பூல்' எனப்படும் பொதுத் தொகுப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். காகிதம் கையில் இருந்தும் இந்தப் பதிவு விடுவிக்கப்படாததால் புதிய பள்ளியில் பெயர் ஏறாமல் அலைபவர்கள் உண்டு.

முடிச்சூரா, பழைய மகாபலிபுரம் சாலையா?

நாத்தனாரின் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தரைத்தளங்கள் மூழ்கி, மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது. அதன் பிறகு ஆற்றைத் தூர்வாரி அகலப்படுத்தும் வேலைகள் நடந்திருக்கின்றன, தெருவுக்குத் தெரு நிலைமையும் மாறும். என்றாலும் மாடி ஏற முடியாத முதியவர் ஒருவரைத் தரைத்தளத்தில் குடிவைக்கும் முன் அந்தத் தெருவின் வரலாறு உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். தவிர, அங்கிருந்து சிறுசேரிக்கு வண்டலூர் போய், கேளம்பாக்கம் சாலை முழுவதையும் கடந்து, மறுபடி வடக்கே திரும்ப வேண்டும். உங்கள் கணவர் நாள்தோறும் இரண்டு வேளை அந்தச் சாலையில் கிடந்தால், மிச்சமாகும் வாடகை பெட்ரோலுக்கும் முதுகு வலிக்கும் போகும். பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்பும் தந்தையாகவும் அவர் ஆகிவிடுவார்.

பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள நாவலூர், படூர், கேளம்பாக்கம் பக்கம் அலுவலகத்துக்கு அருகில். சோழிங்கநல்லூரும் மேடவாக்கமும் சற்றுத் தள்ளி இருந்தாலும் இரண்டிலும் அரசு மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன, கடைகண்ணிகளும் மருத்துவர்களும் நடைதொலைவில் கிடைப்பார்கள். உங்கள் குடும்பத்துக்கு சோழிங்கநல்லூர் சுற்றுவட்டாரத்தையே நான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஆனால் அந்தப் பக்கமும் வெள்ளத்துக்குத் தப்பியதல்ல. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் நாட்கணக்கில் நீர் நின்றது. மாதவரம்–சிப்காட் மெட்ரோ வந்துவிடும் என்று சொல்லித் தரகர் கூடுதல் வாடகை கேட்டால், ரயில் ஓடத் தொடங்கிய பிறகு தருவதாகச் சொல்லுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது தரகரையும் உரிமையாளரையும் தவிர்த்து, தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும் மளிகைக் கடைக்காரரிடமும் பேச்சுக் கொடுங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்று அவர்கள் முழங்காலையோ இடுப்பையோ தொட்டே காட்டிவிடுவார்கள். மின் மீட்டர் பெட்டி வழக்கத்தைவிட உயரத்துக்கு ஏற்றி வைக்கப்பட்டிருந்தால், அல்லது சாலை மட்டம் வீட்டு வாசற்படியைவிட மேலே இருந்தால், காரணம் கேட்காமல் நகராதீர்கள். குழாயடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பகுதியின் பல குடியிருப்புகள் நிலத்தடி நீரையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருப்பவை. மே மாதத்தில் லாரிக்கு ஆகும் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் அடங்குமா, தனியா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாமியாருக்காக மின்தூக்கி உள்ள முதல் தளமோ இரண்டாம் தளமோ பொருத்தம். மின்சாரம் போனால் மின்தூக்கி ஜெனரேட்டரில் இயங்குமா என்று பாருங்கள்.

வாடகை ஒப்பந்தம்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யப்பட வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டைக் காலி செய்து ஒரு மாதத்துக்குள் கழிவுகள் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். சென்னையில் இதைவிடக் கூடுதலாகக் கேட்பது பழக்கம். 'வேறு உடன்பாடு' என்ற சொற்கள் அதற்கு இடம் கொடுக்கின்றன, ஆகவே கையெழுத்திடும் முன் பேரம் பேசுங்கள், பின்பு பேச முடியாது. உறவினர் வீட்டுக்கே போவதாக முடிவு செய்தாலும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் முகவரி மாற்ற அது தேவைப்படும். முதல் ஆண்டில் வீடு வாங்கும் பேச்சே வேண்டாம்.

நாத்தனாரிடம் மறுப்பை எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள். அலுவலகத் தொலைவைக் காரணமாக உங்கள் கணவரே தம் அக்காவிடம் சொல்லட்டும், நீங்கள் சொன்னால் அதற்கு வேறு பொருள் வந்துவிடும்.

செய்ய வேண்டியவற்றின் வரிசையைக் கேட்டிருந்தீர்கள். இந்த மாதமே ஒரு வார நாளில் நீங்கள் இருவரும் மகளையும் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வந்து இரண்டு மூன்று அரசு மேல்நிலைப் பள்ளிகளைப் பார்த்து, அவற்றில் ஒன்றை மனத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். அதிலிருந்து நடந்தோ ஒரே பேருந்திலோ போகும் தொலைவில் வீடு தேடுங்கள். காலை எட்டரை மணிக்கு அந்த வீட்டிலிருந்து சிறுசேரிக்குக் கணவரை ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். ஊர் திரும்பியதும், மகளின் மாற்றுச் சான்றிதழோடு, அவள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளை அந்த மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள் என்பதற்கான படிப்புச் சான்றையும் தலைமை ஆசிரியரிடம் முத்திரையுடன் கேட்டு வாங்கிவிடுங்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளியிலும் அதேபோல் ஒன்று வாங்குங்கள். இதற்காகப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு கலந்தாய்வு நேரத்தில் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஓடிவர வேண்டியதில்லை.